கதவுக்குள் தண்ணீர்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், மலையைப் பார்த்தபடி ஓர் ஆசிரமம் இருந்தது. கோபுரம், பளிங்குத் தரை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, நாலு மாடு, ஒரு பழைய வெள்ளைக் கார். அவ்வளவுதான்.

அங்கே குருவாக இருந்தவர் உலகம்மை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. அவருடைய அப்பா தென்காசியில் டாக்ஸி ஓட்டியவர். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. குரு என்றால் பிறக்கும்போதே தாடியோடு பிறந்திருக்க வேண்டும் அவர்களுக்கு.

சீடர் கோமதிநாயகம் குருவைவிட ரொம்பவும் மூத்தவர். சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். மனைவி இறந்த மறு மாதமே கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார். அவர் குருவை ‘அம்மா’ என்பார். இதில் அவர்கள் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

கோமதிநாயகத்துக்கு ஆசிரமத்தில் நல்ல பெயர். மனைவியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் என்று, வருகிறவர்களிடம் எல்லாம் அவரைக் காட்டிச் சொல்வார்கள். அப்படிப் புகழ்ந்தவர்களில் ஒரு பெண்கூடக் கிடையாது.

வந்த நாளிலிருந்து அவர் குருவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“துக்கம் உள்ள வராம இருக்க என்ன வழி அம்மா?”

குரு பதில் சொல்லமாட்டார். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டீங்களா என்பார். வண்டியைத் துடைச்சாச்சா என்பார். கோமதிநாயகம் போய்த் துடைப்பார். கார் அவர் பொறுப்பு. கல்லாவில் உட்கார்ந்து பழகிய கைதான் என்றாலும், கொடுத்த வேலையைக் குறையில்லாமல் செய்கிறவர். குறையில்லாமல் செய்கிறோம் என்ற நினைப்பும் அவருக்குக் குறையில்லாமல் இருந்தது.

அது ஆடி மாதம். சாரல் காலையிலிருந்து விட்டபாடில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் குரு அவரைக் கூப்பிட்டார்.

“ஆவுடை போன் பண்ணினா அண்ணாச்சி.”

ஆவுடைச்செல்வி கோமதிநாயகத்தின் ஒரே மகள்.

“இன்னைக்குச் சாயங்காலம் மதுரை ரயில்ல வாரா. கைப்பிள்ளையோட. செங்கோட்டைக்கு, மாமியார் வீட்டுக்கு. அடுத்த வாரம் மஸ்கட்டுக்குப் போறாளாம், புருஷன்கூட.”

“நல்லது.”

“தென்காசி ஸ்டேஷன்ல அப்பா நின்னா இறங்குவேன், ராத்திரி ஆசிரமத்துல தங்கிட்டுக் காலையில போயிருவேன்னு சொன்னா.”

“நிக்கலைன்னா?”

“அதே ரயில்ல அப்படியே செங்கோட்டைக்குப் போயிருவாளாம்.”

“அதுதான் சரி. பச்சப்பிள்ளைய வச்சிக்கிட்டு எதுக்கு இறங்கி ஏறணும்?”

“பிள்ளை பேரு என்னன்னு நீங்க கேக்கலியே.”

“தெரியும்.”

பிள்ளைக்குப் பாட்டியின் பெயரை வைத்திருந்தார்கள். சண்முகவடிவு. வீட்டில் வடிவு. மனைவி போனதிலிருந்து கோமதிநாயகத்தின் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. கோயிலில் யாராவது அர்ச்சனைக்கு அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால், செருப்பு விட்ட இடத்தைப் பார்க்க நடந்துவிடுவார்.

“இப்பத்தாம்மா மனசு ஒரு கட்டுக்குள்ள இருக்கு,” என்றார். “அவ குரலு, அவ அம்மா குரலு. அதுல இந்தப் பேரு வேற. எதுக்கு வம்பை விலைக்கு வாங்கணும்?”

குரு சும்மா இருந்தால் கோமதிநாயகத்துக்கு இன்னும் காரணம் சொல்லத் தோன்றும்.

“மேக்கொண்டு, வண்டியும் சரியில்ல. பின்னால இடது பக்கக் கண்ணாடி பாதியில நின்னுட்டு. மேல ஏறமாட்டேங்கு. இந்தச் சாரல்ல கைப்பிள்ளைய எப்படிக் கூட்டிட்டு வாரது? நனைஞ்சு காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்லுதது?”

அடுப்படியிலிருந்து சொர்ணத்தாய் எட்டிப் பார்த்தாள். ஆசிரமத்துக்குச் சமைக்கிறவள். ஞானம் தேடி வந்தவள் இல்லை; சம்பளத்துக்கு வந்தவள். அதனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

“ஒரு துண்டை வச்சு அடைச்சாப் போச்சு. கண்ணாடி மேல பழியப் போடுதியளே அண்ணாச்சி.”

“நீ சும்மா இரு சொர்ணம்.”

“அண்ணாச்சி சொல்லுதது சரிதான் சொர்ணக்கா,” என்றார் குரு. “பிள்ளை நனையக் கூடாது.”

கோமதிநாயகத்தின் முகம் தெளிந்தது.

“அதனால கதவைக் கழட்டுங்க,” என்றார் குரு. “சாயங்காலத்துக்கு நேரம் இருக்கு.”

காரை மாட்டுக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மாடுகள் நகர்ந்து இடம் கொடுத்தன. கொட்டகைப் பள்ளத்தில் இறங்கும்போது வண்டிக்குள் களக் களக் என்று ஒரு சத்தம்.

“இந்தா, கேக்குதா?” என்றாள் சொர்ணத்தாய். “ரெண்டு மாசமாச் சொல்லுதேன், வண்டிக்குள்ள யாரோ குடத்தை வச்சிட்டு மறந்துட்டாங்கன்னு. என் பேச்சை யாரு கேக்கா?”

“சீட்டுக்கு அடியில தண்ணி பாட்டில் கிடக்கும்,” என்றார் கோமதிநாயகம். ரெண்டு மாதமாக அவர் சொல்லிவந்த பதில் அது. சீட்டுக்கு அடியில் அவர் குனிந்து பார்த்தது கிடையாது.

முதலில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். கோமதிநாயகம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு திருகாணியும் தென்படவில்லை.

“இதை எப்படிம்மா மாட்டியிருக்கான்?”

“பின்னால ஒரு கம்பி வளையம் கவ்விப் பிடிச்சிருக்கும். துணி வேணும். ரெண்டு விரல் அகலத்துல ஒரு கிழிசல்.”

அவர் போய்க் காடாத்துணியில் கிழித்துக்கொண்டு வந்தார். மெல்லிசாக இருந்தால் இழுவைக்குத் தாங்காது. துணி விஷயத்தில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவுல விடுங்க. ரெண்டு முனையும் ரெண்டு கையில. பாலீஷ் போடுத மாதிரி இங்கிட்டும் அங்கிட்டும் இழுங்க.”

இழுத்தார். துணியின் ஓரம் எதையோ பிடித்தது. டிக் என்று வளையம் தெறித்துப் போய் வைக்கோலுக்குள் விழுந்தது. கைப்பிடி தானாகக் கையோடு வந்தது. கோமதிநாயகம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பலம் ஒன்றும் தேவைப்படவில்லை என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

“வளையத்தைத் தேடி எடுத்து வைங்க,” என்றார் குரு. “மாடு தின்னுட்டா உங்களைத்தான் அது வயித்துக்குள்ள அனுப்பணும்.”

வைக்கோலைக் கிளறித் தேடி எடுத்தார். பிறகு கை வைத்துக்கொள்ளும் கட்டையில் இருந்த இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். அடுத்தது உள்பலகை. கதவின் உள்பக்கம் முழுக்க மூடிக்கொண்டு, சாம்பல் நிற ரெக்சின் போர்த்திய அட்டைப் பலகை. கோமதிநாயகம் மேல் விளிம்பைப் பிடித்தார். காலைக் கதவில் ஊன்றினார். இழுத்தார்.

படக் என்று உள்ளே ஏதோ உடைந்தது.

மாடுகள் திரும்பிப் பார்த்தன.

“எங்க பிடிச்சு இழுத்தீங்க?”

“மேலதான்.”

“அது கதவை எங்க பிடிச்சிருக்கு?”

கோமதிநாயகம் உட்கார்ந்து, விளிம்பு முழுக்க விரலால் தடவினார். கதவைத் திறக்கிற கொண்டிக்குப் பின்னால், சட்டைப் பொத்தான் அளவு ஒரு மூடி. அதை நகத்தால் நெம்பினால், உள்ளே ஒரு திருகாணி ஒளிந்திருந்தது.

“இது இருக்கையில எப்படி வரும்?” என்றார், யாரோ தன்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்ட மாதிரி.

“வராதுல்லா.”

அந்தத் திருகாணியும் வந்தது.

“இப்ப கீழ் மூலையிலேருந்து நெம்பணும். பட்டையா, தேஞ்சதா ஏதாவது வேணும். சொர்ணக்கா, தோசைத் திருப்பியக் குடுங்க.”

“எது? நான் தோசை சுடுத திருப்பியா?”

“துணியச் சுத்திக்கிடுவோம்.”

“இருக்கது ஒண்ணே ஒண்ணு. அதையும் மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டு போங்க. ராத்திரிக்கு எல்லாரும் கையாலயே தோசையப் புரட்டித் தின்னுங்க,” என்று சொல்லிக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்தவள் போகவில்லை. மாட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள்.

துணி சுற்றிய தோசைத் திருப்பியைப் பலகைக்குக் கீழே நுழைத்து, இருந்த இடம் தெரியாமல் கவ்விக்கொண்டிருந்த ஒவ்வொரு பிளாஸ்டிக் குமிழாக நெம்பினார் கோமதிநாயகம். பக் பக் என்று விட்டுக்கொடுத்தன. ஒன்று மட்டும் வரவில்லை. அது முன்பே அவர் உடைத்தது. கடைசியில் பலகையை மேலே தூக்கியதும் கழன்று வந்தது.

பலகைக்குப் பின்னால், கதவோடு ஒட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் தாள்.

“பாத்தீங்களா,” என்றார் கோமதிநாயகம். “புதுசுல சுத்தி வந்த பேக்கிங்கை உரிக்காமலே மாட்டியிருக்கான் பாவி.”

குரு வாயைத் திறப்பதற்குள் சர்ரென்று உரித்துவிட்டார். சொர்ணத்தாய் அதைத் தரையில் விழவிடாமல் வாங்கிக்கொண்டாள்.

“நல்ல கெட்டித் தாளு. விறகை மூட ஆகும்.” எழுந்து போய்விட்டாள். குரு அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்; கூப்பிடவில்லை.

இப்போது கதவின் உள்வயிறு தெரிந்தது. தகரத்தில் பெரிய பெரிய ஓட்டைகள். அவற்றின் வழியாகக் கோமதிநாயகம் கையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். முழங்கை வரை சொட்டியது.

“தண்ணி!”

“எவ்வளவு?”

“ஒரு சாண் இருக்கும் போல. குளம் மாதிரில்லா நிக்குது.”

டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கறுத்த தண்ணீர். அதில் அழுகிய இலை, சேறு, செத்த எறும்பு. கண்ணாடியைத் தாங்கி மேலே தள்ளும் இரும்புக் கை அந்தத் தண்ணீருக்குள் துருப்பிடித்து நின்றது.

“எனக்குத் தெரியாம இது எப்பம்மா உள்ள போச்சு?” கோமதிநாயகத்தின் குரலில் கோபம் இருந்தது. “தினமும் துடைக்கேன். வெளியில பாத்தா ஒரு சொட்டு ஈரம் கிடையாது.”

“கதவுக்கு அடியில கையை வச்சுப் பாருங்க.”

மண்டியிட்டு, கதவின் கீழ் விளிம்பில் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு இன்னோர் இடத்தில். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“என்ன?”

“நான் வச்சது,” என்றார்.

போன வருஷம் அந்தக் கதவுக்குள் கடியெறும்பு கூடு கட்டியிருந்தது. மருந்து அடிக்கலாம் என்றார்கள். ஆசிரமத்தில் எறும்பைக்கூடக் கொல்லக்கூடாது என்று கோமதிநாயகம் ஒரே பிடியாக நின்றார். கதவின் அடியில் சின்னச் சின்னதாகத் துவாரங்கள் இருந்தன. எறும்பு அந்த வழியாகத்தான் போய்வந்தது. குழாய் ஒழுக்கை அடைக்கிற பசையைப் பிசைந்து, ஒவ்வொரு துவாரமாகச் சுத்தமாக அடைத்தார். ஓர் உயிர் சாகவில்லை, ஓட்டையும் மூடியாயிற்று என்று எல்லோரும் பாராட்டினார்கள். எறும்பு மேல் வழியாகப் போய்விட்டதாக நினைத்தார். எல்லாம் போகவில்லை என்று இப்போது தண்ணீரில் தெரிந்தது.

குரு தன் கொண்டையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தார்.

கோமதிநாயகம் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். அடைத்தபோது பசை கெட்டியாகும் வரை ஊதி ஊதிக் காயவைத்திருந்தார். இப்போது அது கல்லாக இருந்தது. குத்தினார், சுரண்டினார், ஊசியை வளைத்தார், தனக்குத் தானே எதையோ முணுமுணுத்தார். அது மந்திரம் மாதிரி கேட்கவில்லை. திடீரென்று முதல் அடைப்பு உடைந்தது. கறுத்த தண்ணீர் சீறிக்கொண்டு அவர் நெஞ்சில் விழுந்தது. அடுத்ததும் உடைந்தது. அவர் நகர்ந்துகொள்ளவில்லை. தண்ணீர் முழுக்க வடிகிற வரை அப்படியே படுத்திருந்தார்.

மாடு ஒன்று குனிந்து அவரை முகர்ந்து பார்த்தது.

இலையையும் சேற்றையும் வழித்து எடுத்தார்கள். இரும்புக் கையைத் துடைத்து, சொர்ணத்தாயின் விளக்கெண்ணெயைத் தடவினார்கள். கைப்பிடியைச் சும்மா செருகிச் சுற்றினார் கோமதிநாயகம். முதலில் முனகியது. பிறகு கண்ணாடி மெதுவாக, மேலே மேலே ஏறி, உச்சியில் போய் உட்கார்ந்தது.

“ஏறிட்டு!” என்றார். சின்னப் பையன் மாதிரி இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார்.

“ஏத்தி வைங்க,” என்றார் குரு.

குரு கிணற்றடியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தார். வெளிப்பக்கமாக நின்று, மூடிய கண்ணாடியின் மேல் மெதுவாக ஊற்றினார்.

“உள்பக்கம் பாருங்க அண்ணாச்சி.”

பலகை இல்லாத கதவின் வழியாகக் கோமதிநாயகம் பார்த்தார். தண்ணீர் கண்ணாடியில் வழிந்து, கீழே ரப்பர் பட்டையைத் தொட்டது. பாதி வெளியே போனது. மீதி ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைந்து, கதவுக்குள் இறங்கி, தகரத்தில் ஓடி, அடித் துவாரங்கள் வழியாகத் தரையில் சொட்டியது.

“அந்த ரப்பர் பழசு. அதான் விடுது,” என்றார் அவர். “புதுசா, நல்லா இறுக்கமா ஒண்ணு போட்டுருவோம்.”

“புதுசு போட்டாலும் வரும்.”

“ஒரு சொட்டு போகாத மாதிரி, அழுத்திப் பிடிக்கது மாதிரி போட்டா?”

“கண்ணாடி ஏறி இறங்காது.”

கோமதிநாயகம் யோசித்தார்.

“அப்ப இதைச் செஞ்சவனுக்குத் தண்ணி உள்ள வரும்னு தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் செஞ்சிருக்கானா?”

குரு செம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றினார். அது உள்ளே போய், வெளியே சொட்டியது. கோமதிநாயகம் கடைசிச் சொட்டு விழும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, உள்பலகையை எடுத்தார்.

“தாளு எங்க?” என்றார் குரு.

“எந்தத் தாளு?”

“நீங்க பேக்கிங்னு உரிச்சது.”

“அது எதுக்கும்மா?”

“தண்ணி கதவுக்குள்ள வரலாம். உக்காந்திருக்கவ மடிக்கு வரக்கூடாது.”

கோமதிநாயகம் ஓடினார். சொர்ணத்தாய் அதை விறகின் மேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தாள்.

“அண்ணாச்சி, குடுத்ததைத் திருப்பிக் கேக்கது உங்க கடைப் பழக்கமா?”

“நான் குடுக்கல. நீ எடுத்துட்டே.”

“விறகு நனைஞ்சா ராத்திரி ஆவுடைக்குச் சுடுதண்ணி யாரு வைக்கது?”

அவர் நின்றார். அவள் வருகிறாள் என்று இந்த வீட்டில் இன்னும் யாரும் முடிவு செய்யவில்லையே என்று சொல்ல வாயெடுத்தவர், தன் மேல்துண்டை உருவி விறகின் மேல் போட்டுவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு வந்தார்.

தாளைப் பழைய கறுப்புப் பசையிலேயே அழுத்தி ஒட்டினார். பலகையை மேலே மாட்டி, கீழே உள்ளங்கையால் தட்டித் தட்டிக் குமிழ்களை உட்கார வைத்தார். உடைந்த குமிழ் இருந்த இடம் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதையே தடவிக்கொண்டிருந்தார்.

“இருக்கட்டும்,” என்றார் குரு. “மத்ததெல்லாம் பிடிச்சிருக்குல்லா?”

திருகாணிகள் போயின. கம்பி வளையம் போயிற்று. கைப்பிடி நின்றது.

சாரல் இன்னும் விடவில்லை. ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் குளித்து, வேறு வேட்டி சட்டை போட்டுக்கொண்டு வந்து, சாவியைக் குருவிடம் நீட்டினார்.

“நீங்களே போயிட்டு வந்துருங்கம்மா. உங்களைப் பாத்தாலும் இறங்குவா. நான் இங்க இருக்கேன். அவ வந்த பொறவு மெதுவா...”

“அவ என்னையப் பாத்து இறங்குதேன்னு சொல்லலியே.”

“என்னால முடியும்னு தோணல.”

“கதவை மாட்டினது யாரு?”

“நான்தான்.”

“வழியில கழண்டா எனக்கு மாட்டத் தெரியாது. நீங்கதான் போகணும்.”

குரு பொய் சொல்லிச் சொர்ணத்தாய் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

கோமதிநாயகம் சாவியோடு கார் பக்கம் நடந்தார். பாதியில் திரும்பி வந்தார்.

“அம்மா. அவளைப் பாத்ததும்... எல்லாரும் நிக்கிற இடத்துல, பிளாட்பாரத்துல... நான் ஒரு மாதிரி ஆயிட்டேன்னா?”

குரு கொண்டையைத் தடவிப் பார்த்தார்.

“என் ஊசி எங்க அண்ணாச்சி?”

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். வளைந்துபோன கொண்டை ஊசி அங்கே இருந்தது. சட்டை மாற்றியபோது அதையும் மறக்காமல் எடுத்து வைத்திருக்கிறார். எடுத்து நீட்டினார்.

“நீங்களே வச்சிக்கிடுங்க,” என்றார் குரு. “இலை விழுந்தா மறுபடியும் அடைக்கும்.”

கார் வாசலைத் தாண்டிப் போயிற்று. பள்ளத்தில் இறங்கி ஏறியது. களக் என்ற சத்தம் இல்லை.

சொர்ணத்தாய் வெந்நீர் போட்டாள். துண்டை மீறி நனைந்திருந்த விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தாள். தோசைத் திருப்பியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நடுநடுவே வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்தாள்.

“இறங்கியிருப்பாளா அம்மா?”

“தெரியலையே சொர்ணக்கா.”

“குருன்னா எல்லாம் தெரியணும்.”

“தெரிஞ்சா நான் ஏன் வாசல்ல நிக்கேன்?”

ரயில் வந்திருக்க வேண்டிய நேரம் போய்விட்டது. தென்காசியிலிருந்து வண்டி வந்துசேர வேண்டிய நேரமும் போய்விட்டது. சொர்ணத்தாய் வெந்நீரை அடுப்பை விட்டு இறக்கினாள். ஆறிவிடும் என்று மறுபடி ஏற்றினாள்.

“அவரு போனாரா, இல்ல பாதி வழியில திரும்பி எங்கயாவது கோயில் வாசல்ல வண்டியப் போட்டுட்டு உக்காந்திருக்காரா?”

அந்தச் சந்தேகம் குருவுக்கும் இருந்திருக்கலாம்.

இருட்டுகிற நேரத்துக்கு, வளைவில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. கார் மாட்டுவண்டி வேகத்தில் வந்தது. கொட்டகைக் கூரைக்கு அடியில் வந்து நின்றது.

பின்னால் இடது பக்கக் கண்ணாடி உச்சி வரை மூடியிருந்தது. அது மெதுவாக இறங்கியது. நாலு விரற்கடை இறங்கி நின்றது. அந்த இடுக்கின் வழியாக ஐந்து சின்ன விரல்கள் வெளியே வந்து, கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

ஆவுடைச்செல்வி கதவைத் திறந்து இறங்கினாள். அவள் சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“நல்ல நேரத்துக்கு வந்தே போ,” என்றாள் சொர்ணத்தாய். “ரயில் லேட்டா?”

“ரயில் சரியாத்தான் வந்துச்சு அத்தை. அப்பாதான் லேட்டாக்கிட்டாங்க. இலஞ்சி வாரதுக்குள்ள எத்தனை இடத்துல வண்டிய ஓரமா நிப்பாட்டிட்டாங்க. கேட்டா ஒண்ணும் சொல்லல. நிப்பாட்டுதாங்க, கொஞ்ச நேரம் இருக்காங்க, பொறவு எடுக்காங்க.”

அந்தக் குரலைக் கேட்டு, ஓட்டுகிற சீட்டிலிருந்து கோமதிநாயகம் இறங்கினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து பிள்ளையைத் தூக்கினார். அவர் தலை நனையவில்லை. முகம் மட்டும் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளத் தோளில் துண்டு இல்லை; அது விறகின் மேல் கிடந்தது. துடைக்க வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்த மாதிரி தெரியவில்லை. பிள்ளை அவருடைய ஈரக் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையை வாயில் போட்டுக்கொண்டது.

“சொர்ணம்,” என்றார். “வடிவுக்குப் பால் காய்ச்சணும்.”

ஆவுடை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணும் நிறைந்தது.

சொர்ணத்தாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகிற இடத்தில் நிற்பது அவளுக்குப் பிடிக்காது. எதையாவது குறை சொன்னால்தான் அவளுக்கு மூச்சு வரும். சுற்றிலும் பார்த்தாள். காரின் பின் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

“என் தோசைத் திருப்பி போச்சு, தாளு போச்சு, எண்ணெய் போச்சு,” என்றாள். “ஒரு மத்தியானம் பூராவும் அந்தக் கதவோட மல்லுக்கட்டினியளே. இந்தா பாருங்க, இன்னும் ஒழுகுது!”

குரு கதவைப் பார்க்கவில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு நின்ற கோமதிநாயகத்தைப் பார்த்தார்.

“ஒழுகட்டும் சொர்ணக்கா,” என்றார். “இப்பத்தான் அது கதவு.”